வகுப்பறைப் பல்லி முதல் பையில் வந்த ஆமை வரை: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரின் தொடக்கப்பள்ளி, பாலர் பள்ளி ஆசிரியர்களிடமிருந்து ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே ஐயங்கள்தான் வருகின்றன. பெரும்பாலும் இடைவேளையில், பெரும்பாலும் அவசரமாக. கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே அவற்றைக் கீழே தொகுத்திருக்கிறோம். எளியவை முதலில், சட்டமும் சங்கடமும் கலந்தவை பின்னால்.

படிக்கத் தொடங்கும் முன் ஓர் எண்ணைக் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள்: 1800-476-1600. தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி நிலையம், 24 மணி நேரமும் இயங்குவது. கீழே "உதவி எண்" என்று வரும் இடமெல்லாம் இதுதான்.

கிளாஸ்ல பல்லி நிறைய இருக்கு. பிள்ளைங்க கத்துறாங்க. பூச்சிக்கொல்லி அடிக்கச் சொல்லட்டுமா?

வேண்டாம். விளக்கைச் சுற்றும் பூச்சியைத் தின்ன வந்த பல்லிக்கு மருந்து அடித்தால், அது அலமாரிக்குப் பின்னால் செத்து நாறும். அடுத்த வாரம் வேறு பல்லி வரும். சாயங்காலம் விளக்கை அணைப்பது, தின்பண்டத் துணுக்கு கிடக்காமல் பார்ப்பது, சன்னல் இடுக்கை அடைப்பது ஆகிய மூன்றும் செய்தால் எண்ணிக்கை தானாகக் குறையும். தலையில் விழுந்தால் என்ன பலன் என்று யாராவது கேட்டால், தலையைக் கழுவ வேண்டும் என்பதுதான் பலன். பல்லிக்கு விஷம் கிடையாது. ஆனால் எச்சத்தில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம் என்பதால் பல்லி விழுந்த உணவைக் கொட்டிவிடுங்கள்.

எச்சம் எலியுடையதா பல்லியுடையதா என்ற குழப்பம் அடிக்கடி வரும். பல்லி எச்சத்தின் ஒரு நுனியில் வெள்ளைப் பொட்டு இருக்கும். எலிப் புழுக்கையில் இருக்காது. எலி என்றால் பராமரிப்புப் பிரிவுக்கு அன்றே சொல்லுங்கள். எலி இருக்கும் இடத்துக்குத்தான் பாம்பு வரும்.

டிராயர்ல சின்னதா ரெண்டு வெள்ளை முட்டை. பாம்பு முட்டையா?

பல்லி முட்டைதான். பல்லி ஒரு தடவைக்கு இரண்டு இடும். உருண்டையாக, ஒரு சென்டிமீட்டர் அளவில், ஓடு கெட்டியாக இருக்கும். பாம்பு முட்டை நீளமானது, ஓடு தோல்போல் மெத்தென்று இருக்கும், அளவும் பெரிது. ஒரு தாளால் மெல்ல ஏந்தி, தாழ்வார ஓரத்தில் நிழலான இடுக்கில் வைத்துவிடலாம். மரத்தோடு ஒட்டியிருந்தால் நோண்ட வேண்டாம், உடைந்துவிடும். பொரிக்க ஒன்றரை, இரண்டு மாதம் ஆகலாம்.

"அரணை கடிச்சா மரணம்"னு பாட்டி சொன்னாங்களாம். ஒரு பொண்ணு அழுதுகிட்டே இருக்கா. உண்மையா?

உண்மை இல்லை. எதுகை நன்றாக இருப்பதால் நிலைத்துவிட்ட சொல். பள்ளித் தோட்டத்தில் வெயில் காயும் பளபளப்பான பழுப்பு அரணைக்கு விஷமே கிடையாது. பிடித்தால் வாலை விட்டுவிட்டு ஓடும். வால் மறுபடி வளரும். பாட்டியைப் பொய்யர் ஆக்காமல், "அந்தக் காலத்தில் பாம்பையும் அரணையையும் பிரித்துப் பார்க்க நேரம் இருந்திருக்காது" என்று சொன்னால் பிள்ளை சமாதானமாகும்.

இதே வரிசையில் ஓணானும் உண்டு. தலை சிவந்த ஓணானைப் பார்த்து "பச்சோந்தி, ரத்தம் உறிஞ்சுது" என்பார்கள். அது இனப்பெருக்கக் காலத்து ஆண் ஓணான். சிங்கப்பூரில் காட்டுப் பச்சோந்தி கிடையாது. அந்த ஓணானே வட மலேசியா, தாய்லாந்துப் பக்கமிருந்து வந்து பரவியதுதான். இந்த ஊருக்கே உரியது முழுப் பச்சையாக இருக்கும் கொண்டை ஓணான். அதைப் பார்த்தால் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், தொலைவிலிருந்து.

பாம்பு! என்ன செய்யறது, சுருக்கமா சொல்லுங்க.

பிள்ளைகளை நகர்த்துங்கள், பாம்பை அல்ல. வகுப்பறைக்குள் இருந்தால் பாம்பு இல்லாத பக்கக் கதவு வழியே, ஓடாமல், வரிசையாக வெளியேற்றுங்கள். பைகள் அப்படியே கிடக்கட்டும். கதவை மூடி, அடியிடுக்கில் ஈரத்துணியைச் சுருட்டி அடையுங்கள். உதவி எண்ணை அழைத்து இடம், தோராய நீளம், நிறம், இப்போது எங்கே இருக்கிறது ஆகிய நான்கையும் சொல்லுங்கள். பெரியவர் ஒருவர் மட்டும் 5 மீட்டராவது தள்ளி நின்று அதைக் கண்காணிக்க வேண்டும். ஆள் வரும் நேரத்தில் "இப்பத்தான் இங்கே இருந்துச்சு" என்பதுதான் எல்லாருக்கும் பெரிய தலைவலி.

திடலிலோ வேலியோரத்திலோ இருந்தால் பெரும்பாலும் அதுவாகப் போய்விடும். வழியை மட்டும் மறிக்காதீர்கள். துடைப்பத்தால் அடிப்பது, வெந்நீர், பிளீச், மண்ணெண்ணெய் ஊற்றுவது எதுவும் வேண்டாம். வலியில் இருக்கும் பாம்புதான் கடிக்கும். பூண்டு, கந்தகம், சிறியாநங்கைச் செடி ஆகியவற்றை நம்பிப் பள்ளிப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம். புல்லை வெட்டுவதும், அட்டைப்பெட்டிக் குவியலை அகற்றுவதும், எலியை ஒழிப்பதும் நிச்சயம் பலன் தரும்.

கடித்துவிட்டால் அவசர மருத்துவ வண்டிக்கு 995. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வையுங்கள், மோதிரம், கடிகாரத்தைக் கழற்றுங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது கூடவே கூடாது.

எது விஷப்பாம்புன்னு எப்படித் தெரியும்?

பார்த்துக் கண்டுபிடிக்க முயல வேண்டாம். மேலே சொன்ன தூரம் எல்லாப் பாம்புக்கும் பொருந்தும். ஆனாலும் பள்ளிகளில் அடிக்கடி தென்படுபவற்றைத் தெரிந்து வைத்திருந்தால் பதற்றம் குறையும். கால்வாய் வழியே வரும் குட்டி மலைப்பாம்புக்கு விஷமில்லை, கடி மட்டும் வலிக்கும். பழுப்பு முதுகுடன் மெலிந்திருப்பது கொம்பேறி மூக்கன். கடித்துவிட்டு மரமேறிச் சுடுகாட்டுப் புகையைப் பார்க்கும் என்று அதற்கு ஒரு பெரிய கதையே உண்டு. பாவம், விஷமே இல்லாதது. பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்தும் என்பதும் அப்படித்தான். அதற்கும், மரத்திலிருந்து சறுக்கிப் பறக்கும் மரப்பாம்புக்கும் இலேசான விஷம்தான் உண்டு. சுவரோரம் இரவில் வரும் வீட்டு ஓநாய்ப்பாம்பைக் கட்டுவிரியன் என்று அடித்துவிடுகிறார்கள், அதுவும் விஷமற்றது.

உண்மையில் அஞ்ச வேண்டியது துப்பும் நாகம். இங்கே பெரும்பாலும் கருமையாக இருக்கும். படமெடுத்துக் கண்ணைக் குறிபார்த்து விஷத்தைப் பீய்ச்சும். கண்ணில் பட்டால் தேய்க்காமல், ஓடும் நீரில் 15 நிமிடத்துக்குக் குறையாமல் கழுவிக்கொண்டே 995ஐ அழையுங்கள்.

மரத்தடியில மைனாக் குஞ்சு கிடக்கு. பிள்ளைங்க டிபன் பாக்ஸ்ல போட்டுக் கொண்டு வந்துட்டாங்க.

முதலில் இறகைப் பாருங்கள். உடம்பெல்லாம் இறகு முளைத்து, வால் குட்டையாக, தத்தித் தத்திப் போனால் அது பறக்கப் பழகும் குஞ்சு. தாயும் தந்தையும் பக்கத்து மரத்திலிருந்து கத்திக்கொண்டிருக்கும். எடுத்த இடத்துக்கே கொண்டுபோய், பூனை எட்டாத புதரிலோ தாழ்ந்த கிளையிலோ வைத்துவிட்டு எல்லாரும் விலகிவிடுங்கள். இறகே இல்லாத செங்குஞ்சு என்றால், கூடு கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தால் திரும்ப வைக்கலாம். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்பது தவறு.

கூடு எட்டவில்லை அல்லது காயம் இருக்கிறது என்றால் காற்றோட்டத் துளையிட்ட அட்டைப்பெட்டி, அடியில் துணி, இருட்டு, அமைதி. பிறகு உதவி எண். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாய்க்குள் போய் உயிரே போகும். பால், ரொட்டி, சோறு எதுவும் வேண்டாம். மாறி மாறிப் பெட்டியைத் திறந்து பார்ப்பதும் குஞ்சைக் கொல்லும். பெட்டியை வகுப்பில் வைக்காமல் அலுவலகத்தில் வைத்துவிடுங்கள்.

பறவை ஒண்ணு உள்ள வந்து சுத்துது. விரட்ட முடியலை.

மின்விசிறியை நிறுத்துங்கள். இதை மறந்துவிட்டு எல்லாரும் சன்னலைத் திறக்க ஓடுகிறார்கள். இறக்கை ஒடிவது விசிறியில்தான். பிறகு விளக்கை அணைத்து, ஒரு பக்கச் சன்னலை மட்டும் முழுதாகத் திறந்து, மற்றப் பக்கத் திரையை மூடி, ஆள்களை வெளியேற்றுங்கள். வெளிச்சம் இருக்கும் பக்கம் போய்விடும். வௌவால் வந்தாலும் இதேதான், ஆனால் அதை வெறுங்கையால் தொடவே கூடாது. சிங்கப்பூரில் 1953 முதல் வெறிநாய்க்கடி நோய் இல்லை என்றாலும் வௌவால் கடித்தால் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கண்ணாடியில் மோதி விழுந்த பறவையை, முந்தைய பதிலில் சொன்ன மாதிரி பெட்டியில் வைத்து ஒன்றிரண்டு மணி நேரம் விடுங்கள். அக்டோபர், நவம்பரில் வலசைப் பறவைகள் வரும் காலத்தில் இது அதிகம். தெளிந்தால் திறந்தவெளியில் பெட்டியைத் திறந்தாலே பறக்கும். தெளியாவிட்டால் உதவி எண்.

தாழ்வாரத் தொட்டிச் செடியில தேன்சிட்டு கூடு கட்டியிருக்கு. தண்ணி ஊத்தலாமா?

ஊற்றலாம், மண்ணில் மட்டும், சீக்கிரமாக. தொட்டியை நகர்த்த வேண்டாம், கிளையை வெட்ட வேண்டாம். முட்டையிலிருந்து குஞ்சு பறக்கும்வரை சுமார் ஒரு மாதம். இரண்டு மீட்டர் தள்ளித் தரையில் ஒரு கோடு போட்டு, அதைத் தாண்டாமல் தினமும் ஒருவர் குறிப்பெழுத விட்டால் அறிவியல் பாடத்துக்கும் ஆயிற்று. கைப்பேசியைக் கூட்டுக்குள் நீட்டிப் படமெடுக்கத்தான் பெரியவர்கள் முந்துவார்கள். அவர்களுக்கும் அதே கோடு.

குயில் கேட்டல் கருத்தறிதல் தேர்வு நேரத்துல கத்துது. ஏதாவது பண்ண முடியுமா?

முடியாது. சன்னலை மூடுங்கள்.

பள்ளிக்குக் குரங்கு வருது. பிள்ளைங்க பையைப் பிடுங்குது.

குரங்கு குறிவைப்பது பையை அல்ல, தீனியை. பிளாஸ்டிக் பை என்றால் தீனி என்று அது பாடம் கற்றுக்கொண்டிருக்கிறது. புக்கிட் தீமா, அப்பர் தாம்சன் பக்கப் பள்ளிகள் இதை நன்றாக அறியும். தின்பண்டம் ஜிப் உள்ள பைக்குள் இருக்கட்டும். குப்பைத் தொட்டிக்குப் பூட்டும் மூடி போடச் சொல்லுங்கள். குரங்கு அருகில் வந்தால் கண்ணைப் பார்க்காமல், பல்லைக் காட்டிச் சிரிக்காமல், முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்வாங்க வேண்டும். பல்லைக் காட்டுவது குரங்கு மொழியில் வேறு பொருள் தரும். உணவை இறுகப் பிடித்திருக்கும் பிள்ளைக்கு "விட்டுடு" என்று சொல்லிக் கொடுங்கள், கடிபடுவது இழுபறியில்தான்.

தீனி போடுவது சட்டப்படி குற்றம். வனவிலங்குச் சட்டம் 2020 ஜூனில் திருத்தப்பட்ட பின், அனுமதியின்றி வனவிலங்குக்கு உணவளித்தால் முதல் முறை 5,000 வெள்ளி வரையும், மீண்டும் செய்தால் 10,000 வெள்ளி வரையும் அபராதம் உண்டு.

மரத்துல திடீர்னு தேனீ கொத்தாத் தொங்குது. காலையில இல்லை.

காலையில் இல்லாமல் மதியம் வந்தது என்றால் இடம் மாறும் கூட்டமாக இருக்கலாம். ராணியைச் சுற்றி இளைப்பாறிவிட்டு ஓரிரு நாளில் கிளம்பிவிடும். அதுவரை அந்தப் பக்கம் கயிறு கட்டி மூடுங்கள், உடற்பயிற்சி வகுப்பை இடம் மாற்றுங்கள். மெழுகு அடை தெரிந்தால் அது குடித்தனம். செயல்பாட்டு மேலாளரிடம் சொல்லி, தேனீக்களைக் கொல்லாமல் இடம் மாற்றுபவரை அழைப்பது நல்லது. தண்ணீர்ப் பீய்ச்சி, புகை, கல் எதுவும் வேண்டாம்.

துரத்தினால் கையை வீசாமல் அருகிலுள்ள மூடிய அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்துங்கள். கொடுக்கு தோலில் இருந்தால் உடனே சுரண்டி எடுங்கள். எப்படி எடுப்பது என்று யோசித்துத் தாமதிப்பதைவிட எப்படியாவது சீக்கிரம் எடுப்பது மேல். முகம் வீங்கினாலோ மூச்சு திணறினாலோ 995. ஒவ்வாமை ஊசி வைத்திருக்கும் பிள்ளைகள் யார், ஊசி எங்கே என்பது இந்த நேரத்தில் தேட வேண்டிய விஷயம் அல்ல.

மழை விட்டதும் நத்தை, கம்பளிப்பூச்சி எல்லாம் கையில எடுத்துக்கிட்டு வராங்க.

பெரிய ஆப்பிரிக்க நத்தையை வெறுங்கையால் தொடக் கூடாது. எலி நுரையீரல் புழு என்ற ஒட்டுண்ணி அதில் இருக்கலாம். வாய்வழி உள்ளே போனால் மூளையுறை அழற்சி வரை கொண்டுபோகும். தொட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும், பதற வேண்டாம். தோட்டத்துக் கீரையைப் பச்சையாக மெல்ல விடாதீர்கள். நத்தை மேல் உப்புப் போடும் "சோதனை"யையும் அப்போதே நிறுத்திவிடுங்கள்.

கம்பளிப்பூச்சி முடி குத்தினால் தேய்க்க வேண்டாம். செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்தால் முடி வரும். பிறகு கழுவிக் குளிர்ந்த துணி வையுங்கள்.

தொடக்கநிலை 3 வாழ்க்கைச் சுழற்சிப் பாடத்துக்குப் பட்டாம்பூச்சி வளர்க்கணும். எங்க ஆரம்பிக்கிறது?

செடியில். பூச்சியைத் தேடிப் போகாதீர்கள். பூங்காவிலும் வனப்பகுதியிலும் எதையும் எடுக்கக் கூடாது. எலுமிச்சை, லிமாவ் அல்லது கறிவேப்பிலைத் தொட்டி ஒன்றை வெயில் படும் தாழ்வாரத்தில் வைத்தால் எலுமிச்சைப் பட்டாம்பூச்சி தானே வந்து தளிரில் முட்டையிடும். ஒரு மில்லிமீட்டர் அளவில், வெளிர்மஞ்சள் உருண்டையாக இருக்கும். கடையில் வாங்கிய உடனே செடியைப் பயன்படுத்தினால் புழுக்கள் இரண்டாம் நாளே சுருண்டு சாகும். நாற்றுப் பண்ணையில் அடித்த மருந்து இலைக்குள்ளேயே இருப்பதுதான் காரணம். இரண்டு மூன்று மாதம் வைத்திருந்து, புதுத் தளிர் வந்த பிறகு பயன்படுத்துங்கள். ஆகவே மூன்றாம் தவணைப் பாடத்துக்குச் செடியை முதல் தவணையிலேயே வாங்க வேண்டும்.

முட்டை மூன்று நாளில் பொரிக்கும். புழுப்பருவம் ஏறக்குறைய இரண்டு வாரம், கூட்டுப்புழு ஒரு வாரத்துக்குச் சற்று மேல். சின்னப் புழு பறவை எச்சம் மாதிரியே இருக்கும், கடைசியில்தான் பச்சையாகும். தொட்டால் தலைக்குப் பின்னால் ஒரு செம்மஞ்சள் கொம்பை நீட்டி நாற்றம் விடும். பிள்ளைகளுக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும். முழங்கால் உயரச் செடி ஒன்றுக்கு 5 புழுவுக்கு மேல் விடாதீர்கள். கடைசி நாலு நாளில் தின்னும் அளவு முன்பு தின்றதையெல்லாம் மிஞ்சும். பெட்டியில் வளர்த்தால் மூடி வலையாக இருக்க வேண்டும். மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் நீர் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். அடியில் டிஷ்யூ விரித்து எச்சத்தைத் தினமும் மாற்றுங்கள். கிளையைத் தண்ணீர்க் குப்பியில் வைத்தால் வாயைப் பஞ்சால் அடையுங்கள்: புழு விழுந்து மூழ்காது, ஏடிஸ் கொசுவும் முட்டையிடாது.

கூடு கட்டப் போகும் புழு நீர்த்த எச்சம் போட்டுவிட்டு அங்குமிங்கும் அலையும். நோய் அல்ல. ஒரு குச்சியைச் சாய்த்து வையுங்கள். கூட்டுப்புழு கறுத்து அதில் சின்னத் துளை விழுந்தால் ஒட்டுண்ணிக் குளவி உள்ளே தின்று வெளியேறியிருக்கிறது. மறைக்காமல் அதையும் பாடமாக்குங்கள். பட்டாம்பூச்சி பெரும்பாலும் காலையில் வெளிவரும். அப்போது சொட்டும் செம்பழுப்பு நீர் ரத்தம் அல்ல. சிறகு காய ஒன்றிரண்டு மணி நேரம் தொங்க இடம் வேண்டும், அதற்குள் யாரும் தொடக் கூடாது. காய்ந்ததும் அதே செடி அருகில் விட்டுவிடுங்கள். கொசுப் புகை அடிக்கும் நாளை முன்பே கேட்டு, அன்று பெட்டியை மூடிய அறைக்கு மாற்றுங்கள். பல பள்ளிகளில் மொத்தப் புழுவும் போனது இந்த ஒரு காரணத்தால்தான்.

பட்டாம்பூச்சிக்குப் பதிலா தலைப்பிரட்டை பிடிச்சு வளர்க்கலாமா?

குளத்திலிருந்து அனுமதியின்றிப் பிடிப்பது குரங்குக் கேள்வியில் சொன்ன வனவிலங்குச் சட்டத்துக்குள் வரும். கடையில் வாங்கினால் தவளையான பிறகு எங்கே விடுவது என்ற சிக்கல். தோட்ட வடிகாலில் தேரை முட்டை இட்டிருந்தால் அங்கேயே போய்ப் பாருங்கள். தேரையைத் தொட்டால் மரு வராது. ஆனால் கண்ணுக்குப் பின்னாலுள்ள சுரப்பியில் நச்சு உண்டு, கை கழுவ வேண்டும். பெட்டியில் வளர்த்தே ஆக வேண்டும் என்றால் மாவுப்புழு வண்டு எளிது: ஓட்ஸ் படுக்கை, ஈரத்துக்கு ஒரு கேரட் துண்டு, சுற்று முடியச் சில மாதம்.

வகுப்புல செல்லப்பிராணி வைக்கலாம்னா எது வைக்கலாம்?

சட்டம் விடுவது முதலில். முயல், கினி பன்றி, ஹேம்ஸ்டர், ஜெர்பில், சுண்டெலி, சின்சில்லா, அலங்கார மீன், செவிச்சிவப்பு ஆமை, மலாயாப் பெட்டி ஆமை, பச்சை மரத்தவளை, நிலத் துறவி நண்டு ஆகியவை வைத்திருக்கலாம். முள்ளெலி, சுகர் கிளைடர், பாம்பு, ஓணான் வகைகள், நட்சத்திர ஆமை, டரான்டுலா, தேள் கூடாது.

அனுமதிக்கப்பட்டது எல்லாம் வகுப்புக்கு ஏற்றது அல்ல. ஐந்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகள் இருக்கும் இடத்தில் ஆமையும் தவளையும் வேண்டாம், சால்மொனெல்லா காரணமாக. துறவி நண்டு பொம்மை மாதிரி விற்கப்படுகிறது. அதற்கு ஈரப்பதம் சுமார் 75 விழுக்காடு, உப்புநீர் ஒன்று, நன்னீர் ஒன்று, மாற்று ஓடுகள், உடம்பு மூழ்கும் ஆழத்துக்கு ஈரமணல் எல்லாம் தேவை. மணலுக்குள் புதைந்து தோலுரிக்கும் நண்டைச் "செத்துப்போச்சா" என்று தோண்டிப் பார்த்துத்தான் கொன்றுவிடுகிறார்கள். முயலுக்கு இந்த ஊர் வெக்கை ஆகாது.

எங்கள் தேர்வு: ஒரே ஒரு சண்டைமீன். 10 லிட்டருக்குக் குறையாத தொட்டி, மூடி கட்டாயம், ஏனென்றால் குதிக்கும். வாரம் ஒரு முறை கால்பங்கு நீர் மாற்றுங்கள். சிங்கப்பூர்க் குழாய்நீரில் குளோரமின் இருப்பதால் வாளியில் ஓரிரவு வைத்தால் தெளியாது. குளோரமினையும் நீக்கும் என்று எழுதியிருக்கும் சொட்டுமருந்துதான் தீர்வு. சனி, ஞாயிறு தீனி போடாவிட்டால் ஒன்றும் ஆகாது. வெள்ளிக்கிழமை "ரெண்டு நாளைக்குச் சேர்த்து" போட்டால்தான் நீர் கெட்டு மீன் சாகும்.

ஹேம்ஸ்டர் ஏற்கனவே வாங்கியாச்சு. ஜூன் லீவு வருது.

நாலு வாரம் பூட்டிய வகுப்பறையில் வைக்க முடியாது. குளிரூட்டி அணைந்த அறை 30 டிகிரியைத் தாண்டினால் ஹேம்ஸ்டர் துவண்டு படுத்துவிடும், சில மணி நேரத்தில் இறக்கவும் கூடும். ஒரே பெரியவர் முழு விடுமுறைக்கும் பொறுப்பேற்க வேண்டும். வாரம் ஒரு பிள்ளை வீடு என்று சுற்றவிட்டால் தப்பிப்பது, பூனை, ஒவ்வாமை என்று மூன்று வீட்டில் நான்கு பிரச்சினை வரும். கூண்டோடு, தீனியை அளந்த கரண்டியோடு, கால்நடை மருத்துவமனை எண்ணோடு ஒப்படையுங்கள். ஆணும் பெண்ணும் என்று இரண்டை ஒரே கூண்டில் போடாதீர்கள். சண்டையிடும், அல்லது பெருகும்.

கடித்தால் சோப்பும் ஓடும் நீரும் ஐந்து நிமிடம். பிறகு அன்றே பெற்றோருக்குத் தகவல்.

ஆமை பெருசாயிடுச்சு, தொட்டி பத்தலை. விசாக தினத்துல குளத்துல விடலாம்னு ஒரு பெற்றோர் சொல்றாங்க.

வாங்கும்போது தீப்பெட்டி அளவு இருந்தது 25 சென்டிமீட்டர் வரை வளரும், 20, 30 ஆண்டு வாழும். "ஆமை புகுந்த வீடு" பழமொழியை இங்கே வேறு பொருளில் எடுத்துக்கொள்ளலாம். குளத்தில் விடுவது புண்ணியம் ஆகாது. வீட்டில் வளர்ந்தது பெரும்பாலும் அங்கே செத்துப்போகும், பிழைத்தால் இந்த ஊர் ஆமைகளின் தீனியைப் பறிக்கும். அனுமதியின்றி விடுவதற்கும் குரங்குக் கேள்வியில் சொன்ன அதே அபராதம்தான்.

அந்தப் பெற்றோரின் நம்பிக்கையை வகுப்பில் விவாதப் பொருள் ஆக்க வேண்டாம். தனியே பேசுங்கள். தேசியப் பூங்காக் கழகமே விசாக தினத்தை ஒட்டி "விடாதீர்கள்" இயக்கம் நடத்துவதைச் சொல்லுங்கள். பெரிய தொட்டியும் வெயில் காய மேடையும் வைத்திருப்பவரைத் தத்தெடுக்கத் தேடுங்கள். விலங்கு நலக் குழுக்களிடம் கேட்டால் வழி சொல்வார்கள்.

ஒரு பையன் வீட்ல முள்ளெலி இருக்குன்னு கட்டுரையில எழுதியிருக்கான். நான் புகார் கொடுக்கணுமா?

பிள்ளையிடம் துருவித் துருவிக் கேட்காதீர்கள். அவனைச் சாட்சி ஆக்கும் வேலை நம்முடையது அல்ல. பொம்மையாகவும் இருக்கலாம், யூடியூபில் பார்த்ததாகவும் இருக்கலாம். கட்டுரையை வகுப்பில் வாசிக்க வைக்காமல், துறைத் தலைவரிடம் சொல்லிவிட்டு, பெற்றோரிடம் ஒரே வாக்கியம் போதும்: "சார், முள்ளெலி வளர்க்க இங்கே அனுமதி இல்லை, விவரம் தெரியணும்னா தேசியப் பூங்காக் கழகத்தைக் கூப்பிடுங்க." வெளியில் விட்டுவிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அது இரண்டாவது குற்றம். விலங்கைப் பள்ளிக்கே கொண்டு வந்துவிட்டால் அது வேறு. பெட்டியில் வைத்து, பள்ளித் தலைமைக்குத் தெரிவித்து, உதவி எண்.

ஊர்லேர்ந்து தாத்தா நட்சத்திர ஆமை கொண்டு வந்து தந்தாராம். சின்னதுதானே?

சின்னது என்பதால்தான் கடத்தப்படுகிறது. இந்திய நட்சத்திர ஆமை இந்தியாவிலேயே சட்டத்தால் காக்கப்படுவது. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் அனைத்துலக ஒப்பந்தமான சைட்டிஸின் மிகக் கடுமையான முதல் பட்டியலுக்கும் 2019இல் போய்விட்டது. சிங்கப்பூரில் இறக்குமதிக் குற்றம், வளர்ப்புக் குற்றம் இரண்டும் சேரும். தாத்தாவுக்குத் தெரியாமல் நடந்திருக்கலாம். மேலே முள்ளெலிக்குச் சொன்ன முறையே இதற்கும், தாமதம் மட்டும் கூடாது.

எலிக்கு வச்ச பசை அட்டையில அரணை ஒட்டிக்கிச்சு. இழுத்தா தோல் வருது.

இழுக்காதீர்கள். சமையல் எண்ணெயைப் பஞ்சில் நனைத்து, ஒட்டிய விளிம்பில் தடவி, இரண்டு மூன்று நிமிடம் விட்டு, ஐஸ்கிரீம் குச்சியால் மெல்ல நெம்புங்கள். விரலோ வாலோ கடைசியில். வெளிவந்ததும் வெதுவெதுப்பான நீரில் துளி சோப்பு விட்டு எண்ணெயைத் துடைத்து நிழலில் விடுங்கள். பறவை ஒட்டியிருந்தால் எண்ணெய் வேண்டாம், இறகு பாழாகும். சுற்றியுள்ள பசையின் மேல் டிஷ்யூவை ஒட்டி மூடி, அட்டையோடு பெட்டியில் வைத்து உதவி எண். பாம்பு என்றால் தொடவே வேண்டாம். துப்புரவு அக்காவிடம் அட்டையைத் திறந்தவெளியில் வைக்காமல், எலி மட்டும் நுழையும் பெட்டிக்குள் வைத்து, காலை மாலை பார்க்கச் சொல்லுங்கள்.

பாம்பு படம் பெற்றோர் வாட்ஸ்ஆப் குழுவுல போயிடுச்சு. எல்லாரும் கேக்கறாங்க. என்ன எழுதறது?

பள்ளித் தலைமை ஒப்புதல் தந்த பிறகு, நடந்ததை மட்டும் எழுதுங்கள். "பெற்றோர்களே, வணக்கம். இன்று காலை 10 மணியளவில் தோட்டத்தில் பாம்பு ஒன்று காணப்பட்டது. மாணவர்கள் உடனே அங்கிருந்து அழைத்துச் செல்லப்பட்டனர். யாருக்கும் காயம் இல்லை. தேசியப் பூங்காக் கழகத்துக்குத் தகவல் தரப்பட்டுள்ளது. தோட்டம் இன்று மூடப்பட்டிருக்கும்." இனம் உறுதியாகத் தெரியாவிட்டால் பெயர் போடாதீர்கள். "விஷமற்றது" என்று எழுதிவிட்டுப் பிறகு மாற்ற நேர்ந்தால், அடுத்த செய்தியை யாரும் நம்பமாட்டார்கள்.